வில்லுக்கு எண்ணெய்க் குளியல்

செல்லோவின் வில்லில் கட்டியிருப்பது அசல் குதிரைவால் முடி என்று அம்மாவிடம் பீற்றிக்கொண்டது நான்தான். ஆகவே குற்றவாளிப் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது.

அப்போது எனக்குப் பத்து வயது. தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில், என்னைவிடக் குண்டான, வயலினுக்கு அண்ணன் மாதிரி ஒரு செல்லோவும் எங்களோடு குடியிருந்தது. பிரிஞ்சாங்கில் தன் வீட்டிலேயே சொல்லிக்கொடுத்த சீன டீச்சர் இரவல் தந்தது. நான் வாசித்தால், "ரிங்லெட் மேட்டுல லோரி ஏறுற மாதிரியே இருக்குலா," என்பார் அப்பா. வரும் சனிக்கிழமை ஒரு பாட்டைத் தடுமாறாமல் வாசித்துக் காட்டினால் செல்லோ என்னிடமே இருக்கும். இல்லாவிட்டால் கியா பார்மில் காத்திருக்கும் இன்னொரு பிள்ளைக்குப் போய்விடும்.

சனிக்கிழமை எனக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாள். மலைக்குளிரில் உறைந்து கிடந்த தேங்காயெண்ணெயை அம்மா அடுப்பருகே வைத்து உருக்கினார். என் தலையை முடித்த கை, சுவரோரம் இருந்த வில்லைக் கண்டு நின்றது.

"என்னடா இது, முடி இப்படி வறண்டு கெடக்கு? யாரும் கவனிக்கிறதில்லையா?"

முடியைத் தொடவே கூடாது என்று டீச்சர் சொல்லியிருந்தார். காரணமும் சொல்லியிருப்பார், நான் ஜன்னல் வழியே ஸ்ட்ராபெரிக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். அதற்குள் அம்மா வில்லின் முடியில் எண்ணெயைத் தடவ ஆரம்பித்திருந்தார். "நுனியில விட்டுட்டீங்கம்மா," என்று நானே காட்டிக்கொடுத்தேன்.

அன்றே டீச்சர் வீட்டில் வில்லை இழுத்தேன். சத்தமே இல்லை. மறுபடி இழுத்தேன். வழுக்கிக்கொண்டு போனது. டீச்சர் வில்லை வாங்கி மோந்து பார்த்தார். பிறகு என் தலையை மோந்து பார்த்தார்.

"அம்மாதான்!" என்றேன், அவர் கேட்பதற்கு முன்பே. செல்லோவுக்காக அன்று அம்மாவை விற்கவும் தயாராக இருந்தேன்.

வாசலில் குடையோடு நின்ற அம்மா வெட்கப்பட்டுச் சிரித்தார். பாவம், ரொம்பக் காய்ந்து கிடந்தது என்று தனக்குத் தெரிந்த மலாயில் விளக்கினார். டீச்சர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"பாகுஸ், அக்கா, பாகுஸ்," என்றார். ரொம்ப நல்லதாம்! இனிமேல் வில்லைத் தானே கவனித்துக்கொள்வதாகச் சொல்லி அதைப் பெட்டியில் வைத்துவிட்டு, தன்னுடைய வில்லை என் கையில் கொடுத்தார். மூன்று இடத்தில் தடுமாறினேன். அப்படியும் செல்லோ என்னோடு வீடு திரும்பியது.

பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்த 'பாகுஸை' இரண்டு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. வில் பாழாய்ப் போனதுகூடத் தெரியாத டீச்சரிடம் என்னத்தைக் கற்றுக்கொள்வது என்று ரொம்ப நாள் கவலைப்பட்டேன்.