இது உடைஞ்சா மோட்டார் சைக்கிள்

ஜவுபர் காக்கா சைக்கிள் ஓடுவதை முதல் தடவை பார்த்துச் சிரிக்காதவர் கல்முனையில் ஒருவரும் இல்லை. மனிதர் ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. வயிறு இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகம். சைக்கிளோ பத்து வயதுப் பிள்ளைக்கென்று செய்த சிவப்பு பீஎம்எக்ஸ். ஏறி மிதித்தாரென்றால் இரண்டு முழங்காலும் மாறி மாறி நெஞ்சுவரை வந்து போகும். நற்பிட்டிமுனைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அவர் கிளாக்கர். அங்கே அதிபர் காரில் வருவார், ஆசிரியர்மார் மோட்டார் சைக்கிளில் வருவார்கள், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள்கூட இவருடையதைவிடப் பெரிய சைக்கிளில் வருவார்கள். நம்முடைய ஆள் வெள்ளைச் சேர்ட்டும் சட்டைப்பையில் இரண்டு பேனையுமாக, பீஎம்எக்ஸில் வந்து இறங்குவார்.

அரசாங்கச் சம்பளம் எடுக்கிறவருக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்க முடியாதா? முடியும். ஆனால் வாங்கமாட்டார். வாங்கினால் மாமா தப்பிவிடுவார்.

மாமா என்றால் ஆதம்பாவா ஹாஜியார், நெல் வியாபாரி. அவருடைய மூத்த மகள் பஸ்லியா ராத்தாவை ஜவுபர் காக்கா கட்டினார், இளையவள் நிப்லாவை நான் கட்டினேன். அண்ணனைக் காக்கா, அக்காவை ராத்தா என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம். பெண்ணுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றவர்கள் பின்னறைக்குப் போவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். மாமாவும் மாமியும் அப்படித்தான் பஸ்லியா ராத்தாவின் வீட்டுப் பின்னறையில் இருக்கிறார்கள். எங்கள் வீடு அடுத்த வளவு. நடுவில் இடுப்பளவு மதில். அந்த மதிலில் ஏறி உட்கார்ந்தால் அவர்களுடைய முற்றம் முழுவதும் தெரியும். நான் பெரும்பாலும் அங்கேதான் இருப்பேன், வேறு நல்ல பொழுதுபோக்கு இந்த ஊரில் எனக்குக் கிடைக்கவில்லை.

காக்காவின் கலியாணப் பேச்சில், வீடு போதாதென்று ஒரு மோட்டார் சைக்கிளும் கேட்டார்கள். வெட்கமில்லாமல்தான் கேட்டார்கள். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் கேட்டார்கள், இப்போதும் கேட்கிறார்கள், பெயரை மட்டும் அன்பளிப்பு என்று மாற்றிவிட்டார்கள். மாமா "ஓம்" என்று தலையாட்டினார். கலியாணத்தன்று மாப்பிள்ளை வீட்டுக்குள் வரும்போது முற்றத்தில் ரிப்பன் கட்டி நின்றது இந்த பீஎம்எக்ஸ். அத்தனை சனத்துக்கும் முன்னால் மாமா மாப்பிள்ளையின் தோளில் கையைப் போட்டார்.

"மருமகன், இந்தப் போகம் வெள்ளத்துல போயிட்டு. இப்பத்தக்கி இத ஓடுங்க. வல்லாஹி, இது உடைஞ்சா அடுத்த நாளே மோட்டார் சைக்கிள்."

அல்லாஹ்வின் மேல் ஆணையிட்டுச் சொல்லியும் சனம் சிரித்தது. மாப்பிள்ளையும் சேர்ந்து சிரித்தார். பிள்ளைகள் ஓடுகிற சாமான், தன் பாரத்துக்கு மூன்று மாதம் தாங்காது என்று மனதுக்குள் கணக்குப் போட்டிருப்பார். அது நடந்து இருபது வருடமாகிறது. என்னுடைய கலியாணம் வருவதற்குள் மாமா வாக்குக் கொடுப்பதையே நிறுத்திவிட்டார். எனக்குக் கிடைத்தது ஒரு மின்விசிறி.

ஜவுபர் காக்கா நேர்மையான ஆள், அதுதான் அவரைப் பிடித்த பீடை. ஒரு சுத்தியலை எடுத்து இரண்டு போடு போட்டிருந்தால் விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் வேண்டுமென்று உடைப்பது மோசடி. ஒரு நாள் பள்ளிவாசலில் மௌலவியைப் பிடித்து, ஒரு பொருளை அளவுக்கு மிஞ்சிப் பாவித்தால் குற்றமா என்று சுற்றிவளைத்துக் கேட்டார். பொருள் இருப்பதே பாவிக்கத்தானே என்று அவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்தச் சைக்கிள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அதன் கைபிடியில் அரிசி மூட்டை வைத்து வந்தார். கடற்கரை மணலில், அலை நனைக்கும் இடமாகப் பார்த்து ஓடினார். மாரி மழையில் இரவிரவாக முற்றத்தில் நிறுத்தினார். ரோட்டோரச் சாக்கடைக் கான்களைக் கண்டால் சுற்றிப் போகாமல் பாய்ந்தார்.

மாமா சும்மா இருப்பாரா? சனிக்கிழமை காலையில் சாக்கை விரித்துச் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். செயின் போனால் புதுச் செயின், டயர் போனால் புது டயர். "தேயிறது வேற, உடையிறது வேற" என்பது அவருடைய சட்டம். சில்லு வளையம், சீட், பெடல், கைபிடி என்று எல்லாம் மாறிவிட்டன. இது இப்போது வேறு சைக்கிள் என்று காக்கா ஒரு முறை வாதாடியபோது, மாமா தீர்ப்புச் சொன்னார்: "ப்ரேமும் பின்சில்லு நடுவுல இரிக்கிற ஹப்பும் நான் தந்தது. அது ரெண்டும் கிடக்கிற மட்டும் இது அதே சைக்கிள்தான். அதுல ஒண்டு போயிட்டா உடைஞ்ச கணக்கு."

மாமா வேலை செய்ய, காக்கா பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு உட்கார்ந்து நொட்டை சொல்லிக்கொண்டிருப்பார்.

"அது சரிவராது மாமா. தூக்கி எறிங்க."

"வாய மூடிக்கிட்டுத் தேத்தண்ணியக் குடிங்க."

வேறு நாட்களில் இருவருக்கும் நடுவே ஸலாமுக்கு மேலே பேச்சு இருக்காது. சனிக்கிழமை வந்தால் மட்டும் பகல் பாங்கு சொல்லும்வரை ஓயாமல் கதைப்பார்கள்.

இந்தக் கூத்தில் உண்மையாக நட்டப்பட்டவர் பஸ்லியா ராத்தாதான். பீஎம்எக்ஸில் பின்னால் ஏற இடம் கிடையாது. கலியாண வீடென்றால் ராத்தா ஆட்டோவில் போவார், சைக்கிளுக்கு ஓய்வு கொடுக்க மனமில்லாத காக்கா பின்னால் மிதித்துக்கொண்டு வருவார். ராத்தா பட்டுச் சாரியும் பரிசுப் பொதியுமாக வாசலில் காத்து நிற்பார், வியர்த்து வழிந்து கணவர் வந்து சேரும்வரை. "ஊரெல்லாம் மாப்புளயோட மோட்டார் சைக்கிள்ள போகுது. எனக்கும் ஒரு மாப்புள இரிக்காரு எண்டு காட்ட நான் வாசல்ல காவல் நிக்கிறன்" என்று ஒரு தடவை நிப்லாவிடம் சொல்லி அழுதாராம். எனக்குக் கேட்கவே கோபம் வந்தது. இரண்டு ஆண்கள் விளையாட, பெண் வாசலில் நிற்பதா?

போன வருடம் மாமாவுக்கு வாதம் வந்து போனது. உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது, வலது கை நடுங்கத் தொடங்கியது, கண்ணிலும் ஒன்று மங்கல். சனிக்கிழமை வேலையை மட்டும் அவர் விடவில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் காக்கா மீன் வாங்கச் சந்தைக்குப் போனார். திரும்பும்போது, அக்கரைப்பற்று பஸ் ஒன்றுக்கு முன்னால் குறுக்கே பாய நினைத்து உன்னி மிதித்தார். கால் சுற்றியது, சைக்கிள் நகரவில்லை. இன்னும் மிதித்தார். பெடல் காற்றில் சுற்றுவதுபோல் சுற்றியது, பின்சில்லு அசையவே இல்லை. பஸ் பிரேக் போட்டு நின்றது. நடத்துநர் தலையை நீட்டி, "காக்கா, புள்ளட சைக்கிளப் புள்ளக்கிட்டக் குடுங்க!" என்று கத்தினார். ரோட்டில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். வேறு யாராக இருந்தாலும் குறுகிப் போயிருப்பார்கள். காக்கா சைக்கிளை உருட்டிக்கொண்டு நேரே இனிப்புக் கடைக்குப் போய் மஸ்கட் வாங்கினார். ஒரு கைபிடியில் மீன், மறு கைபிடியில் மஸ்கட், முகத்தில் கலியாணக் களை. படலையைத் திறக்கும்போதே குரல் கொடுத்தார்.

"மாமா! ஹப் போயிட்டு! உடைஞ்சிட்டு!"

"போயிட்டா இல்லயா எண்டு நான் பாத்துச் சொல்லணும்" என்று மாமா சாக்கை விரித்தார். நான் தேத்தண்ணிக் கோப்பையோடு மதிலில் ஏறினேன். இதைத் தவறவிட நான் என்ன பைத்தியமா?

பின்சில்லைக் கழற்றி, மாமா, ஹப்போடு சேர்த்தே கணக்கு வைத்திருந்த ப்ரீவீல் என்ற பல்லுச்சில்லின் மூடியைத் தட்டத் தொடங்கினார். அந்த மூடி மற்றவற்றைப்போல அல்ல, எதிர்ப்பக்கமாகச் சுற்றினால்தான் கழலும். அது மாமாவுக்குத் தெரியும், கைக்குத்தான் வரவில்லை. சுத்தியல் இரண்டு தடவை மூடியில் ஊன்றிய ஆணியில் பட்டது, ஒரு தடவை பெருவிரலில் பட்டது. கடைசியில் மூடி கழன்றது. உள்ளேயிருந்த சின்ன இரும்புக் குண்டுகள் சாக்கில் சிதறின. ராத்தாவின் முட்டைக்கோழி ஓடி வந்து ஒன்றைக் கொத்தி விழுங்கியது.

"குண்டு கோழிட வயித்துக்குள்ள!" காக்கா கதிரையிலிருந்து துள்ளினார். "இனி இது உடைஞ்ச கணக்குத்தான் மாமா. இல்லாட்டிக் கோழிய அறுக்கணும்."

"கோழியில கை வெச்சா ரெண்டு பேருக்கும் சோறில்ல" என்று குசினிக்குள்ளிருந்து ராத்தாவின் குரல் வந்தது.

மாமா ப்ரீவீலின் உள்ளே விரலை விட்டார். விரல் கறுப்பாக வந்தது. உள்ளே நாக்குப்போல இரண்டு இரும்புத் துண்டுகள் உண்டு. மயிர் மாதிரி மெல்லிய சுருள் கம்பி அவற்றை நிமிர்த்திப் பிடிக்கும். அவை நிமிர்ந்து பல்லில் மாட்டினால்தான் மிதிக்கிற மிதி சில்லுக்குப் போகும். இப்போது இரண்டும் தடித்த கிறீஸுக்குள் புதைந்து படுத்துக் கிடந்தன. அது சைக்கிளுக்குப் போடுகிற எண்ணெயல்ல. வயலில் வெட்டு மெசினுக்குப் பூசுகிற கிறீஸ். போன சனிக்கிழமை மாமா தகரப் பேணி மாறி அள்ளி அப்பியிருக்கிறார்.

காக்காவுக்கும் விளங்கியது, எனக்கும் விளங்கியது. மாமா விரலை முகர்ந்து பார்த்தார், அவருக்கும் விளங்கியது. 'உடையல்ல, வெறும் கிறீஸ்தான்' என்று துள்ளுவார் என நான் காத்திருந்தேன். பழைய மாமாவென்றால் துள்ளியிருப்பார்.

மாமா நாக்குகளைத் துணியால் துடைத்தார். சுருள் கம்பியை எடுத்து அதன் பள்ளத்தில் வைக்கப் பார்த்தார். விரல் நடுங்கியது, கம்பி நழுவியது. திரும்ப வைத்தார். திரும்ப நழுவியது. அடுத்த தடவை கம்பி பாய்ந்து மணலில் விழுந்தது. அதைத் தேடாமல் தன்னுடைய கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உடைஞ்சிட்டு மருமகன்" என்றார். "நாளைக்குப் போய் மோட்டார் சைக்கிள் எடுப்பம்."

நான் மதிலிலிருந்து விழப் பார்த்தேன். இருபது வருடச் சண்டை முடிந்துவிட்டது, வெற்றி காக்காவுக்கு. மடியில் மஸ்கட் பெட்டிகூடத் தயாராக இருக்கிறது. நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். பள்ளிவாசல் ஸ்பீக்கரில் யாரோ இறந்த மவுத்து அறிவித்தல் கேட்டதுபோல இருந்தது முகம்.

"இல்ல மாமா."

"என்ன இல்ல?"

"உடையல்ல."

"நான் சொல்றன், உடைஞ்சிட்டு!"

"அது கிறீஸ் மாமா. கழுவினா சரி. இதெல்லாம் ஒரு உடைசலா?"

"ஒங்களுக்கு விசரா? இவ்வளவு காலமும் உடைஞ்சிட்டு உடைஞ்சிட்டு எண்டு நிண்டது நீங்கதானே!"

"நிண்டன். இப்ப பாத்தன். உடையல்ல."

மாமாவின் கோணிய வாய் துடித்தது. "கிறீஸப் போட்டுக் கெடுத்தது நான். எனக்கு ஏலாமப் போயிட்டு, ஜவுபர். நான் மவுத்தாக முந்தி என்ட வாக்க நிறவேத்திட்டுப் போறன். உடுங்க."

மருமகன் என்றல்லாமல் பெயர் சொல்லி அவர் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தேத்தண்ணிக் கோப்பையை மதிலில் வைத்தேன்.

காக்கா மஸ்கட் பெட்டியைக் கதிரையில் வைத்துவிட்டு மணலில் இறங்கினார். அத்தனை சனிக்கிழமையும் கதிரையை விட்டு அசையாத மனிதர். முழங்கால் மடக்கென்றது, வயிறு இடித்தது. மண்ணெண்ணெயைச் சிரட்டையில் ஊற்றி நாக்குகளைக் கழுவினார். என்னைப் பார்த்து, "றிப்தி, வாயப் பொளந்துக்கிட்டு இரிக்காம வந்து அந்தக் கம்பியத் தேடு" என்று அதட்டினார். நான் இறங்கி வந்து தேடி எடுத்துக் கொடுத்தேன்.

"பஸ்லியா! தையல் மெசின் எண்ணெயக் கொண்டாங்க!"

காக்கா கூப்பிட்டதும் ராத்தா எண்ணெய்க் குப்பியோடு வந்து நின்றார். நடந்தது எல்லாம் குசினிக்குள் கேட்டிருக்கும். கணவரின் முதுகைப் பார்த்தார், வாப்பாவின் கையைப் பார்த்தார். ஒரு சொல் சொன்னால் போதும், நாளைக்கே மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிப் போகலாம். அந்தச் சொல்லை அவர் சொல்லவேண்டுமென்றுதான் நான் விரும்பினேன், அல்லாஹ் அறிவான்.

காக்காவின் தடித்த விரலிலும் கம்பி நிற்கவில்லை. வியர்த்துக் கொட்டினார்.

"விசர் புடிச்ச ரெண்டு பேர்" என்று சொல்லிக்கொண்டு ராத்தா குந்தினார். "தள்ளுங்க." தினமும் ஊசியில் நூல் கோக்கிற விரல் அது. கம்பியை ஒரே தடவையில் பள்ளத்தில் இருத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டார்.

எண்ணெய் இரண்டு துளி விட்டுச் சுற்றியதும் ப்ரீவீல் டிக் டிக்கென்று சத்தம் போட்டது. காக்கா மூடியை எடுத்தார்.

"ஒரு குண்டு கொறயுதே மாமா."

"ஒண்டு கொறஞ்சாலும் ஓடும்" என்றார் மாமா. "மூடிய எதிர்ப்பக்கமாச் சுத்துங்க. அந்தப் பக்கமில்ல! இவ்வளவு காலம் பக்கத்துல இருந்து என்னத்தப் பாத்தீங்க?"

சில்லைப் பூட்டி காக்கா முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். மிதி பிடித்தது. கோழி சிதறி ஓடியது. மாமா அந்த மஸ்கட் பெட்டியைத் திறந்து, சீனி வியாதியையும் பாராமல் ஒரு துண்டை வாயில் போட்டார்.

"அப்ப மோட்டார் சைக்கிள் வேணாமா?"

"ஏன் வேணாம்? வேணும் மாமா" என்றார் காக்கா. "இது உடைஞ்சா."

அன்று பின்னேரம் சாய்ந்தமருதில் ஒரு கலியாணம். ஆட்டோவில் ராத்தாவோடு நிப்லாவும் நானும் ஏறினோம். காக்கா வழக்கம்போல் பின்னால் பீஎம்எக்ஸில். ஆட்டோ வேகமெடுத்ததும் ராத்தா திரும்பிப் பார்த்தார். பிறகு ஓட்டுகிறவரின் சீட்டில் தட்டினார்.

"மெல்லப் போங்க தம்பி. பின்னால என்ட மாப்புள வாறாரு."