மிதிபலகையில் நின்ற இலத்திரன்

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே தட்டச்சுக் கடை வைத்திருந்தேன். கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில், ஒரு காலை அப்பாவும் மகளும் ஒன்றாக வந்து ஆளுக்கொரு தாளை நீட்டினார்கள்.

அப்பா முனியாண்டி, தலவாக்கலை பஸ்ஸில் கண்டக்டர். அவர் கொண்டுவந்தது மகளுக்குத் தேயிலைத் தோட்ட ஆபீசில் கிளார்க் வேலை கேட்கும் மனு. மகள் சுமதி பௌதிகத்தில் பட்டம் வாங்கியவள். அவளுடையது மேற்படிப்புக்கான ஆராய்ச்சிக் குறிப்பு. இரண்டுக்கும் அன்றுதான் கடைசி நாள்.

"எத மொதல்ல அடிக்கணும்ணே?" என்று முனியாண்டியைக் கேட்டேன்.

"மனுவ அடிங்க தம்பி. இவள விட்டா வெளிச்சத்தப் பாத்துக்கிட்டே கெழவியாயிருவா."

சுமதி தலையைக் குனிந்துகொண்டாள்.

எனக்கு ஒரு பழக்கம். புரியாத தாளைத் தொடமாட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவன். கேட்டுக் கேட்டுத்தான் படித்தேன். அவள் தாளைக் காட்டி, "இது என்னம்மா சமாச்சாரம்?" என்றேன்.

"ஒளி பட்டா மூலக்கூறுல இருந்து இலத்திரன், அதான் எலக்ட்ரோன், வெளிய பாயும் மாமா. சில நெறத்து ஒளிக்கு நெறைய பாயுது, சிலதுக்குக் கொறைவா. அது ஏன்னு பாக்கணும்."

"வெளிச்சம் தள்ளுது, அது விழுது. இதப் படிக்க ரெண்டு வருசமா?" என்றார் முனியாண்டி.

"அங்கதான்ப்பா கணக்கு தப்புது. வெளிய போறது ஒண்ணு. ஆனா உள்ள இருக்கிற மத்த இலத்திரன் அத்தனையும் ஒளிக்குச் சேந்து ஆடுது. அந்த ஆட்டமும் அதத் தள்ளும்."

முனியாண்டி என் பக்கம் திரும்பினார்.

"வளைவுக்கு முன்ன நான் ஏன் 'உள்ள போங்க, உள்ள போங்க'ன்னு கத்துறேன்? டிரைவர் வண்டிய வெட்டித் திருப்புறது மட்டும் இல்ல தம்பி. உள்ள கூட்டம் மொத்தமா சாயும் பாருங்க, அதுதான் மிதிபலகையில நிக்கிறவனத் தூக்கி எறியும்."

"அதேதான்ப்பா!" சுமதி கிட்டத்தட்டக் கத்திவிட்டாள். "ஒளியோட ஆட்டமும் உள்ள கூட்டத்தோட ஆட்டமும் ஒத்துப்போனா நெறைய வெளிய வரும். எதிரெதிரா ஆடுனா, கூட்டமே ஒளிய மறிச்சு இலத்திரனக் காப்பாத்தும்."

"எந்த வளைவுல எறியும், எந்த வளைவுல காப்பாத்தும்?"

"அதத்தான் படிக்கக் கேக்குறேன்."

வெளியே அவருடைய பஸ் டிரைவர் ஹார்ன் அடித்தார். முனியாண்டி மனுவை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் திணித்தார்.

"இவளோடத அடிங்க தம்பி. ஒரு எழுத்து தப்பக் கூடாது," என்று சொல்லிவிட்டு ஓடினார்.

சுமதிக்கு மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது.

தட்டச்சுப் பழக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: விரலுக்கு வேகம் தானாக வரும். தாளில் என்ன இருக்கிறது என்று வாய்விட்டுக் கேளுங்கள். பதில் உங்களுக்குப் புரியாமல் போனாலும், பக்கத்தில் நிற்பவருக்குப் புரிந்துவிடும்.