சலங்கை கட்டிய ராஜா

சவரிமுத்து சார் காலமான செய்தி எனக்குத் திருவானைக்காவல் பஸ்ஸில் வந்தது. எங்கள் கல்லூரிப் பியூன் படியேறும்போதே, "சரித்திர சார் போயிட்டாருங்க" என்றார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை.

அவருடைய வகுப்பைக் கேட்டவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அவர் வேஷம் கட்டிப் பார்த்தவன் நான்.

அப்போது பழைய அரண்மனைக் கூடத்தில் ஓர் அரசு அலுவலகம் நடந்தது. அங்கே சுவரில் இருநூறு வருஷத்து ஓவியம்: வாள் ஓங்கிய ராஜா, மண்டியிட்டு அழும் பெண், அருகே பட்டுத்துணியை விரித்துப் பிடித்த இருவர். ஸ்ரீரங்கத்துக்காரனுக்குத் துணியைக் கண்டால் மரியாதைதான் தோன்றும். ராஜாவுக்குப் பரிவட்டம் என்றேன்.

"பொண்ணை வெட்டுறவனுக்கா? உங்க ஊர்ல அப்படியா ஐயங்கார்?" என்றார் சார். அவருக்கும் விடை தெரியாது. லீவு விட்டால் இருவரும் அங்கேதான் நிற்போம்.

புதிதாக வந்த அதிகாரி ஒருநாள், "பொம்பளைங்க மனு கொடுக்க வர்ற இடம், பயப்படுறாங்க. நாளைக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லிட்டேன்" என்றார். சாருக்கு முகம் செத்துவிட்டது. சுவரோரம் போய்க் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"காலைப் பாருங்க சார். ராஜாவுக்கும் சலங்கை, அந்த அம்மாவுக்கும் சலங்கை. வெட்ட வர்றவன் சலங்கை கட்டிக்கிட்டா வருவான்? இது நாடகங்க. அந்தத் துணி திரை. வேஷம் வரும்போது ரெண்டு பேர் பிடிப்பாங்க. அந்த அம்மா ஆம்பிளை."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் அதிகாரி.

"வையம்பட்டிப் பக்கம் எங்க ஊர்ல, ஏசு பாடுபட்டதை நடிக்கிற பாஸ்கா நாடகத்துல மாதா வேஷம் எனக்குத்தான்."

அதிகாரி நம்புவதாயில்லை. சார் சட்டென்று என் அங்கவஸ்திரத்தை உருவினார். ஒரு முனையை என்னிடமும் மறுமுனையை அலுவலகப் பியூனிடமும் கொடுத்துவிட்டுப் பின்னால் மறைந்தார். "நான் சொல்றவரைக்கும் விட்டுடாதீங்க ஐயங்கார்" என்று மெல்லச் சொன்னார்.

அவர் சொன்னதும் விட்டோம். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, அந்த மீசைக்கார மனிதர் மகனைப் பறிகொடுத்த தாயாக அழுதார். வாசலில் காத்திருந்த பெண்கள் உள்ளே வந்துவிட்டார்கள். ஒருத்தி சுவரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்து, "கூத்துங்களா? முன்னமே சொல்லக்கூடாதா?" என்றாள். அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. மூலையில் தயாராக வைத்திருந்த சுண்ணாம்பு வாளி வெளியே போனது.

அடக்கத்தன்று அதே அங்கவஸ்திரத்தைத்தான் போட்டுக்கொண்டு போனேன். பெட்டியை இறக்கும்போது அதன் முனையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் இப்போது நைந்துவிட்டது, கழித்துவிடலாம் என்கிறார்கள். அவர் இன்னும் விடச் சொல்லவில்லை.