கோபி வீட்டுப் பழுப்புப் பத்திரிகை

கோபி போய்விட்டான். இன்று காலை, தூக்கத்திலேயே... அவன் மனைவி வள்ளிதான் போன் செய்தாள்.

ஐயம்பேட்டை பக்கம் ஒரு சின்ன லேபில் நானும் அவனும் ஒன்றாக வேலை பார்த்தோம். என்ன வேலை என்று யார் கேட்டாலும் அவனிடம் ஒரே பதில்தான். "வைக்கோல வேகவெச்சிக்கினு இருக்கோம்பா."

உண்மையும் அதுதான். ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்து, கேட்டலிஸ்ட்டாகக் கொஞ்சம் ஆசிட் விட்டு, மூடிய கலனில் வைக்கோலைச் சூடாக்குவோம். லிக்னின் என்ற பழுப்புப் பசை கரைந்து வந்துவிடும். மிஞ்சும் நாரில் பேப்பர் செய்யலாம்.

மகள் கல்யாணப் பத்திரிகையை அந்தப் பேப்பரில்தான் அடிப்பேன், அதுவும் வெள்ளை வெளேரென்று... வள்ளியிடம் சவால் விட்டிருந்தான். ஓரிக்கையில் மாமனார் நிலத்து வைக்கோல். மாட்டுக்குப் போக மிஞ்சியது ஒரே கட்டு.

வெந்த நாரை முதலில் சூடான ஆல்கஹால் கலவையில்தான் அலச வேண்டும். தண்ணீர் பட்டால் கரைந்த லிக்னின் திரும்பவும் நாரிலேயே ஒட்டிக்கொள்ளும். இதை எனக்கே ஆயிரம் தடவை சொன்னவன், அன்றைக்குக் கல்யாண யோசனையில் குழாயைத் திறந்துவிட்டான்!

"இன்னா கோபி பண்ணி வெச்சிருக்க!" என்று கத்தினேன்.

"கை தானா போயிடுச்சும்மா... எங்க வூட்ல பட்டு நூல சோப்புல வேகவெச்சி எடுத்தா, மொத வேல தண்ணில அலசறதுதான்." சாயப்பட்டறைக் குடும்பம்.

தாள் முழுக்கப் பழுப்பு.

வள்ளி வந்தாள். ஒரு தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "பொண்ணு முகூர்த்தப் பொடவ பார்டர் கலராட்டமே இருக்குதுங்க. இதுலயே அடிங்க. வெள்ளப் பத்திரிக எல்லார் வூட்லயும்தான் இருக்குது."

முதல் பத்திரிகையை ஏகாம்பரநாதர் சன்னதியில் வைத்தார்கள். "துணியா, பேப்பரா?" என்று குருக்கள் தடவிப் பார்த்தாராம். "எங்க மாமனார் வைக்கோலு சாமி!" அதைச் சொல்லிச் சொல்லியே ஊரெல்லாம் பத்திரிகை வைத்தான்.

லிக்னின் இருக்கிற பேப்பர் நாளாக நாளாகக் கறுக்கும் என்று நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் பயமுறுத்தினேன். "கறுக்கட்டுமேம்மா. பேரன் பேத்தி எடுத்துப் பாக்கறப்ப நல்லா காப்பி கலர்ல இருக்கும்" என்று சிரித்தான். பேரனையும் பார்த்துவிட்டான்... அதில் எனக்கு நிறைவுதான்.

வள்ளி போனை வைத்ததும் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் பத்திரிகையைப் பார்த்தேன். அவன் சொன்ன கலருக்கே வந்திருக்கிறது.

போய்ட்டு வாப்பா கோபி. அங்கயும் தண்ணிலயே அலசு... நான் கத்த மாட்டேன்.