எத்தனை வருஷத்துக்கு வண்டி

அப்பாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி காலை ஏழு மணிக்குத் தில்லை நகர் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். ஸ்ரீரங்கத்திலிருந்து ஆட்டோவில் போவதில் சிரமமில்லை. நான்கு மணி நேரம் கழித்துத் திரும்புவதுதான் கஷ்டம். ரத்த அழுத்தம் இறங்கி, தலை நிற்காது. காவிரிப் பாலத்தில் ஆட்டோ தூக்கிப் போடும்போதெல்லாம், ஊசி போட்ட இடது கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, வலது கையால் கம்பியைப் பிடித்திருப்பார். இரண்டு தடவை மாம்பழச் சாலையில் இறங்கி வாந்தி எடுத்தார்.

ஒரு புதன்கிழமை காலை, சட்டை போட்டுக்கொண்ட பிறகு, "இன்னிக்கு வேண்டாம்மா. வெள்ளிக்கிழமை பாத்துக்கலாம்" என்றார். அடுத்த மாதம் இன்னொரு தடவை. விட்டால் நீர் நுரையீரலில் ஏறும், அப்புறம் எங்கள் கையில் இல்லை என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். வீட்டில் நானும் அப்பாவும்தான். அவர் போகாமலிருக்க ஆட்டோதான் காரணம் என்றால் அந்தக் காரணத்தை எடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

திருவானைக்காவலில் ஒரு வெள்ளைக் கார் விலைக்கு இருந்தது. பதிமூன்று வருஷ வண்டி. பென்ஷன் வாங்கும் ஒருவருடையது. மகனோடு இருக்கப் போவதால் விற்கிறார். எனக்கு வேலை துவாக்குடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வெல்டிங் சோதிப்பது. அதே முறையில் பட்டியல் போட்டேன். தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்ததில் இடது பக்க அடித்தகடு துருப்பிடித்து, திருப்புளியால் குத்தினால் உள்ளே போனது. கிளட்ச் மேலே வந்து பிடித்தது. ரேடியேட்டரில் கசிவு. டயர் நான்கும் மொட்டை. குளிர்ந்த இன்ஜினைப் போட்டால் முதல் சில விநாடிகள் உள்ளே சங்கிலி உரசும் சத்தம். மொத்தம் இருபத்தாறு குறைகள். நல்லவை என்று எழுதியது நான்கு. அதில் ஒன்று, முன் சீட்டைச் சாய்த்தால் அப்பா படுத்துக்கொண்டு வரலாம் என்பது.

அப்பா காம்பவுண்டுச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு கார்க்காரரிடம் சொன்னார்: "மாப்பிள்ளை பாக்க வந்தப்பகூட இவ இத்தனை கேள்வி கேக்கலைங்க. கேட்டிருந்தா அந்தச் சனியன் அன்னிக்கே ஓடியிருக்கும்."

கார்க்காரர் சிரித்தார். நான் வண்டிக்கு அடியிலேயே இருந்தேன்.

பதினொரு நாள் யோசித்தேன். வேலையில் என்னோடு இருப்பவர்கள் வேண்டாம் என்றார்கள். தொழிற்சாலைக்கு இப்படி ஒரு பொருள் வந்தால் நானே தேறாது என்று சிவப்புப் பெயின்ட் அடித்து ஓரமாக வைத்திருப்பேன். கடைசியில் ஒரு மெக்கானிக் பார்த்துச் சொல்லட்டும் என்று கார்க்காரரிடம் கேட்டு வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். டயாலிசிஸ் இல்லாத நாள்; அப்பாவும் வந்தார்.

மெக்கானிக் என் பட்டியலை வாங்கி முழுதும் படித்தார். "எல்லாம் சரிதான் மேடம். நீங்களே பட்டறை வைக்கலாம்" என்றார். பிறகு காது மேலிருந்த சாக்கட்டியை எடுத்துக்கொண்டு கேட்டார்: "எத்தனை வருஷத்துக்கு வேணும்?"

புரியவில்லை.

"ரெண்டு வருஷம் ஓடினா போதும்னா கிளட்ச், பிரேக், ரேடியேட்டர், டயர். மூணு நாள்ல தரேன். அஞ்சு வருஷம்னா இன்ஜினைப் பிரிக்கணும், அடியில துருவை வெட்டித் தகடு வச்சு அடிக்கணும். பத்து நாள் ஆகும். தேவைக்கு மேல செலவு வைக்கிற பழக்கம் நம்மகிட்ட இல்ல. அதான் எல்லார்கிட்டயும் முதல்ல இதைக் கேட்டுருவேன்."

அவர் வேலை செய்யும் முறை அது. நல்ல முறைதான். என் பட்டியலில் அந்தக் கேள்வி இல்லை. வண்டி யாருக்காக என்று அவருக்குத் தெரியாது. அப்பா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு வருஷத்துக்குப் பாருங்க தம்பி. அது போதும்" என்றார் அப்பா. டீக்கடையில் சர்க்கரை கம்மி என்று சொல்கிற குரல்.

மெக்கானிக் கார்க் கண்ணாடியில் சாக்கட்டியால் '2' என்று எழுதி, கீழே நான்கு வேலைகளை எழுதினார். அன்றைக்கே திருவானைக்காவலுக்குப் போய் வண்டியை வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். "அஞ்சு வருஷத்துக்குப் பண்ணிருங்க."

"சார் ரெண்டுன்னாரே மேடம்?"

"ஓட்டப்போறது நான்தாங்க."

"சரி. அப்ப பத்து நாள்."

பரவாயில்லை என்றேன். பத்து நாள் என்று நோட்டில் குறித்தும் வைத்தேன். அந்தப் பத்து நாளில் எத்தனை டயாலிசிஸ் வருகிறது என்று மட்டும் எண்ணவில்லை. நான்கு.

அப்பாவிடம் ஸ்பேர் பார்ட்ஸ் வரவில்லை என்று பொய் சொன்னேன். முதல் இரண்டு தடவை ஆட்டோவில் வந்தார். மூன்றாவது, வெள்ளிக்கிழமை. ஆட்டோ வாசலில் ஹார்ன் அடித்தபோது அவர் சட்டை மாட்டியிருக்கவில்லை.

"கார்தான் வரப்போகுதே. திங்கக்கிழமை அதுல சௌகரியமாப் போயிக்கிறேன்."

"நடுவுல அஞ்சு நாள் ஆயிடும்பா."

"ஒரு தடவைதானேம்மா. எலும்பெல்லாம் கழண்டு போகுது. அவனை அனுப்பிவிடு."

அனுப்பிவிட்டேன். அப்போதுகூடப் பட்டறைக்குப் போன் செய்து, இன்ஜினை அப்படியே மூடிக் கொடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். இன்ஜின் பிரித்துக் கிடந்தது. மூடினாலும் அன்றைக்குள் வந்திருக்காது. ஆனால் கேட்கவில்லை என்பதுதான் உண்மை.

ஞாயிற்றுக்கிழமை மாலை அவரால் படுக்க முடியவில்லை. கட்டிலில் முன்னால் குனிந்து உட்கார்ந்து மூச்சை இழுத்தார். ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே தண்ணீர் கொதிப்பது போன்ற சத்தம். ஆம்புலன்ஸ் பாலத்தில் ஏறியபோது என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். அவர் விரல்கள் அவ்வளவு குளிர்ந்து நான் பார்த்ததில்லை. நான்கு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். பிழைத்துக்கொண்டார்.

அதற்குள் கார் தயாராகிவிட்டது. வீட்டுக்கு அழைத்துப் போக அதில்தான் வந்தேன். முன் சீட்டைச் சாய்த்து, முதுகுக்குத் தலையணை வைத்தேன். இன்ஜின் சத்தமே இல்லாமல் கிளம்பியது. அப்பா கொஞ்ச தூரம் கேட்டுக்கொண்டே வந்தார்.

"ரெண்டு வருஷ வேலைக்கு இத்தனை நாளா?"

இனியும் பொய் சொல்ல வரவில்லை. "அஞ்சு வருஷத்துக்குச் சொன்னேன்பா. பார்ட்ஸெல்லாம் வந்துதான் இருந்தது."

சத்திரம் பஸ் ஸ்டாண்டு சிக்னலில் நின்றோம். அவர் வெளியே கோட்டைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் தெரியவில்லை. தெரிந்திருந்தால் தேவலை.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல" என்றார்.

கேட்டிருந்தால் இரண்டு என்றே சொல்லியிருப்பார். அதற்குப் பயந்துதான் கேட்கவில்லை. பச்சை விழுந்ததும் வண்டியை எடுத்தேன்.

இப்போது மூன்று நாளும் வருகிறார். நான் கதவைத் திறந்தால் ஏறிக்கொள்கிறார். அவர் தூங்க வேண்டும் என்று பாலத்தில் மெதுவாகப் போவேன். பெரும்பாலும் விழித்துத்தான் இருப்பார். வேண்டாம் என்று பிறகு ஒரு நாளும் அவர் சொன்னதில்லை. வர இஷ்டமா என்று நானும் கேட்டதில்லை.