பத்து நாள் நான் வைத்திருந்த பிழை

எண்பதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் ஒரு லாட்ஜில் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். லாரியில் கிளீனராக விஜயவாடா வரை போயிருக்கிறேன், பெங்களூரில் ஓட்டலில் மாவாட்டியிருக்கிறேன், சூரத்தில் துணி மடித்திருக்கிறேன். எந்த ஊரிலும் இரண்டு வருஷம் தாண்டியதில்லை. இங்கே மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் படுக்க இடமும் இரண்டு வேளைச் சாப்பாடும் கிடைத்தன. மழைக்கு ஒழுகும். பாயை நகர்த்திப் போட்டுக்கொள்வேன்.

முதல் மாடியில் தெருப்பக்க அறையை ஒருவன் மாத வாடகைக்கு எடுத்திருந்தான். பாலிடெக்னிக் படித்தவன், வேட்டவலம் பக்கத்து விவசாயக் குடும்பம், என்னைவிடப் பத்து வயது சின்னவன். கட்டிலை வராந்தாவில் தள்ளிவிட்டு அந்த இடத்தில் ஒரு கம்ப்யூட்டரை வைத்திருந்தான். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. அதில் படம் எதுவும் வராது. எழுத்துகளையும் கோடுகளையும் வைத்தே பெட்டி, பட்டியல், நிரப்பவேண்டிய கட்டம் எல்லாம் போட வேண்டும். அப்படிப் போடுவதற்கான புரோகிராம்களைத் தானே எழுதி, இருபத்து மூன்று ஃபைல்களாகப் பிரித்து வைத்திருந்தான். ஒன்று பெட்டி போடும். ஒன்று கீபோர்டில் எந்த விசை விழுந்தது என்று பார்க்கும். ஒன்று பட்டியலை மேலும் கீழும் நகர்த்தும். இதை வாங்குகிறவன் திரையைப் பற்றிக் கவலைப்படாமல் தன் கணக்கையோ ரசீதையோ எழுதிக்கொண்டு போகலாம். இதற்கு அவன் ‘லைப்ரரி’ என்று பெயர் சொன்னான். இரண்டு வருஷ உழைப்பு.

மெட்ராஸிலிருந்து ஒரு சின்ன கம்பெனிக்காரர் வந்து பார்த்தார். இறங்கிப் போகும்போது என் கவுண்டருக்கு முன்னால் நின்றுதான் அவனிடம் சொன்னார்.

“நல்லா இருக்குப்பா. ஆனா நீ இல்லாட்டி இதை ஒருத்தனும் தொட முடியாது. ஒவ்வொரு ஃபைலும் என்னா செய்யுதுன்னு அடுத்தவனுக்குப் புரியற மாதிரி எழுதி வை. அடுத்த மாசம் வரேன். சரியா இருந்தா இதுவும் வேணும், நீயும் வேணும்.”

ஒரு வாரம் அவனே எழுதிப் பார்த்தான். பிறகு என்னிடம் வந்தான்.

“அண்ணா, எனக்கு ஒரு ஆள் வேணும். கம்ப்யூட்டர் பத்தி ஒண்ணுமே தெரியக் கூடாது. ஆனா எழுதத் தெரியணும்.”

“அதுக்கு நான்தான் கெடைச்சனா தம்பி?”

“பின்ன? நீங்க ரிஜிஸ்டர் எழுதறத பாத்திருக்கேன். வந்தவன் எதுக்கு வந்தான்னு ஒரே வரியில எழுதிடறீங்க. எனக்கு அது வரமாட்டேங்குது. எனக்குத் தெரிஞ்சது எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சு உட்டுடறேன்.”

தெரியாதவன் என்பதற்காக வாழ்க்கையில் கிடைத்த ஒரே வேலை அதுதான்.

காலையில் அறைகள் காலியான பிறகு, பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை உட்கார்வோம். அவன் ஒரு ஃபைலை ஓட்டிக் காட்டுவான். நான் கேட்பேன். அவன் சொன்னதைக் கோடு போட்ட தாளில் தமிழில் எழுதி, அவனுக்கே திருப்பிச் சொல்ல வேண்டும். நான் சொல்வது சரியாக இருந்தால் அந்த ஃபைல் முடிந்தது. பிறகு அவன் அதை இங்கிலீஷாக்கி ஃபைலின் தலையில் அடித்துச் சேர்ப்பான். கரண்ட் போனால் தாள்களோடு கீழே டீக்கடைக்கு இறங்கிவிடுவோம்.

“என்னாப்பா, டப்பாவுக்கு ஜாதகம் எழுதறியாமே?” என்பார் டீக்கடைக்காரர்.

“ஆமா. உன் பாய்லருக்கும் எழுதணுமா?”

“அதுக்கு ஏழரை நடக்குது. எழுதினா இன்னும் ஜாஸ்தியாயிடும்.”

அவன் விழுந்து விழுந்து சிரிப்பான். எனக்குச் சிரிப்பு வராது. அவன்மேல் எனக்குப் பொறாமை தொடங்கியிருந்தது.

அது படிப்பைப் பார்த்து வந்ததல்ல. படித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்குத் துணி மடித்துக் கொடுத்திருக்கிறேன். இவன் ஒரே நாற்காலியில் இரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தான். அதுதான் என்னைத் தின்றது. என்னிடம் ஊருக்கு ஒன்று என்று எத்தனையோ இரண்டு வருஷங்கள் இருந்தன. எதையும் இருபத்து மூன்று துண்டாகப் பிரித்து மேசைமேல் வைக்க முடியாது. அவன் திரையைப் பார்த்து “வாடா, வாடா” என்று மெல்லச் சொல்வான், பெட்டி வந்து நிற்கும். கரண்ட் போய் அவன் “அய்யோ, சேவ் பண்ணலையே” என்று தலையில் கை வைக்கும்போது எனக்கு உள்ளே குளிர்ந்தது. தீபத்துக்கு இன்னும் சில வாரமே இருந்தது, ஊரெல்லாம் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள், நான் கரண்ட் போகட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

எல்லாவற்றிலும் கஷ்டமான ஃபைல் ஒன்று இருந்தது. திரையில் ஏற்கெனவே எழுத்து இருக்கும்போது அதன்மேல் ஒரு பெட்டி திறந்தால், அடியில் இருந்ததை எடுத்து ஓரிடத்தில் வைத்துக்கொள்ளும். பெட்டியை மூடியதும் பழைய எழுத்தை அப்படியே திரும்ப வைக்கும். அவன் மூன்று தடவை சொன்னான், எனக்குப் பிடிபடவில்லை. அப்புறம் நானே கேட்டேன்.

“தீபத்தப்போ லாட்ஜ்ல பண்றோமே, அது மாதிரியா?”

“என்னா பண்றீங்க?”

“அந்தப் பத்து நாளும் மாச வாடகைக்காரங்க ஊருக்குப் போயிடுவாங்க. அவங்க சாமானை மூட்டை கட்டி, சோப்புப் பெட்டி எங்க இருந்துச்சி, செருப்பு எங்க இருந்துச்சின்னு சீட்டுல எழுதி மாடிப்படிக்குக் கீழ வெச்சிடுவோம். ரூமைக் கூட்டத்துக்கு உட்டுடுவோம். கூட்டம் போனதும் சீட்டைப் பாத்து எல்லாத்தையும் இருந்த எடத்துல வெப்போம்.”

எழுந்து நின்றுவிட்டான். “அண்ணா, இதையே எழுதுங்க. ஒரு எழுத்தை மாத்தாதீங்க.”

எழுதினேன். சாப்பாடு வாங்க அவன் வெளியே போனான். அந்த ஃபைலைச் சோதிக்க ஒரு சின்ன புரோகிராம் செய்து வைத்திருந்தான். எண்ணை அமுக்கினால் பெட்டி திறக்கும், இன்ன பெட்டி என்று சொன்னால் அது மூடும். முறை தெரியாததால் விளையாடிக்கொண்டிருந்தேன். ஒரு பெட்டியைத் திறந்தேன். அதைப் பாதி மறைக்கிற மாதிரி இன்னொன்று. பிறகு அடியில் இருந்ததை முதலில் மூடினேன். பழைய எழுத்து வந்தது, வரும்போது மேலே இருந்த பெட்டியில் ஒரு மூலையையும் விழுங்கிக்கொண்டு வந்தது. சரி, அதையும் மூடினேன். அது போன இடத்தில், முன்பே மூடிவிட்ட முதல் பெட்டியின் மூலை மட்டும் திரும்ப வந்து நின்றது. எந்த விசைக்கும் அது போகவில்லை.

இரண்டு தடவை செய்து பார்த்தேன். இரண்டு தடவையும் அந்த மூலை நின்றது. அவன் எப்போதும் மேலே இருப்பதைத்தான் முதலில் மூடுவான், அதனால் அவனுக்கு இது தெரிய வழியில்லை.

எழுதுகிற பழக்கத்தில் கை எழுதிவிட்டது: ‘கடைசியாகத் திறந்ததை முதலில் மூட வேண்டும். இல்லாவிட்டால் மூடிய பெட்டியின் துண்டு திரையில் நின்றுவிடும்.’ படியில் அவன் செருப்புச் சத்தம் கேட்டது. அந்த வரியின் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டுத் தாளை மேசை அடியில் இருந்த தாள் கட்டுக்குள் செருகினேன்.

பத்து நாள் அதை வைத்திருந்தேன். கவுண்டரில் சாவி கொடுக்கும்போதும் தண்ணீர்த் தொட்டி நிரப்பும்போதும் அது என்னோடு இருந்தது. அவன் செய்ததில் அவனுக்குத் தெரியாத ஓட்டை, எனக்கு மட்டும் தெரிந்தது. மெட்ராஸ்காரர் வந்து அதைத் தொட்டால் இரண்டு வருஷமும் போச்சு. தொடாமலும் போகலாம். இரண்டையும் மாறி மாறி நினைத்துப் பார்ப்பேன், இரண்டாவது கொஞ்சம் கசப்பாக இருந்தது. அந்தப் பத்து நாளும் அவனிடம் ரொம்ப அன்பாகப் பேசினேன். அவனுடைய தட்டைக்கூடக் கழுவி வைத்தேன்.

மெட்ராஸ்காரர் வருவதற்கு முந்தின நாள் காலையில், கடைசியாக மிச்சமிருந்த அந்தத் தாளை எடுத்து இங்கிலீஷாக்க உட்கார்ந்தான். லாட்ஜ் கதையை அடித்து முடித்துச் சிரித்தான். பிறகு தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான்.

“இதை ஏன் அடிச்சிட்டீங்க?”

கேட்டுக்கொண்டே கீபோர்டுக்குத் திரும்பினான். அவன் இரண்டு பெட்டியைத் திறந்தான். கீழே இருந்ததை முதலில் மூடினான். அந்த மூலை வந்து நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எப்பலேர்ந்து தெரியும்?”

“பத்து நாளா.”

“மறந்துட்டீங்களா?”

அவனே வழி விட்டான். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

“மறக்கலை. உங்களுக்குத் தெரியாதது ஒண்ணு எனக்குத் தெரிஞ்சிருந்துச்சி தம்பி. அதைக் குடுக்க மனசு வரலை.”

கோபப்படுவான் என்று கதவுப்பக்கம் தள்ளி நின்றேன். அவன் முகம் வாடியது உண்மை. ஒரு நிமிஷம் இருக்கும். அப்புறம் கண் திரைக்குப் போய்விட்டது. “ஓஹோ... இதுக்கு மேல இருக்கறதை மொதல்ல எறக்கி வெச்சிட்டு...” என்று முணுமுணுக்க ஆரம்பித்தான். நான் அங்கே நிற்பதே அவனுக்கு மறந்துபோனது. தன் பிழையைப் பார்த்ததில் அவனுக்கு இருந்த சந்தோஷம், அதை ஒளித்து வைத்த பத்து நாளில் எனக்கு ஒரு நாளும் இருந்ததில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டான். பதினோரு வரி சேர்த்திருந்தான்.

“வாங்க. உடைங்க பாக்கலாம்.”

உட்கார்ந்தேன். அது உடைய வேண்டும் என்று மனதார நினைத்துக்கொண்டுதான் ஒரு மணி நேரம் அமுக்கினேன். இரண்டு, மூன்று, ஐந்து பெட்டி, நடுவில் இருப்பது, அடியில் இருப்பது. ஒன்றும் நிற்கவில்லை. திரை ஒவ்வொரு தடவையும் சுத்தமாகத் திரும்பி வந்தது.

“உடையலை,” என்றேன்.

“அப்ப எழுதுங்க.”

அடித்த வரிக்குக் கீழே எழுதினேன்: ‘பெட்டிகளை எந்த வரிசையிலும் மூடலாம்.’ நான்கே சொல். லாட்ஜ் ரிஜிஸ்டரில் ஒரு நாளைக்கு நாற்பது வரி எழுதுகிறவனுக்கு அதை எழுத வெகு நேரம் ஆனது.

மறுநாள் மெட்ராஸ்காரர் பஸ் இறங்கி நேரே மேலே வந்தார். முதலில் தாள்களைப் படித்தார். லாட்ஜ் கதை வந்த இடத்தில் தலையாட்டினார். பிறகு கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்து மூன்று பெட்டி திறந்தார். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்ததை முதலில் மூடினார். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பரவால்லையே,” என்றார். “பெரும்பாலும் எல்லாரும் இதைத்தான் கோட்டை விடுவாங்க. நீயே கவனிச்சியா?”

அவன் என்னைக் காட்டினான். “நான் கவனிக்கலை சார். அண்ணன்தான் கண்டுபிடிச்சாரு.”

பத்து நாளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மெட்ராஸ்காரர் திரும்பி என்னை மரியாதையோடு பார்த்தார். தை மாதம் அவன் அறையைக் காலி செய்துகொண்டு மெட்ராஸ் போனான், நானும் அந்தக் கோடைக்குள் ஊர் மாறிவிட்டேன். பொறாமை தீர்ந்துவிட்டது என்று எழுத ஆசைதான். ஆனால் அன்றைக்கு அந்த அறையில், ‘நான் கவனிக்கலை’ என்று அவன் அவ்வளவு சுலபமாகச் சொன்னதைப் பார்த்துத்தான் எனக்கு எல்லாவற்றையும்விட அதிகமாக வயிறு எரிந்தது.