நடுவே விட்ட இடம்

டிவியைப் போடுவதற்கு முன் சுக்கூர் பாய் தன் நாற்காலியை இடப்பக்கச் சுவரோரம் தள்ளிப் போட்டுக்கொள்வார். வலப்பக்கச் சுவரோரம் இன்னொரு நாற்காலி. அதைத் துண்டால் துடைப்பார், உட்காரமாட்டார். அது அவர் மனைவி ரமீஜாவுடையது. ரமீஜா இறந்து இரண்டு வருஷமாகிறது.

ஞாயிறு மதியம் ஓடுவது ஒரே படம்தான். இஸ்லாத்தின் ஆரம்ப காலத்தைச் சொல்லும் மூன்று மணி நேரச் சரித்திரப் படம், தமிழ்க் குரலோடு, பென்டிரைவில். ஓரமாக உட்கார்ந்து பார்த்தால் குதிரைகூடச் சப்பையாகத்தான் தெரியும். கழுத்தும் பிடித்துக்கொள்ளும். திங்கட்கிழமை அவர் தலை நிற்கும் கோணத்தைப் பார்த்தாலே நேற்றும் படம் ஓடியது தெரிந்துவிடும்.

ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியின் கேட்டில் செக்யூரிட்டி வேலை. ஷிப்டுக்கு ஆயிரம் பேர் உள்ளே போகிறார்கள். எல்லோருக்கும் வணக்கம் வைப்பார். அடையாள அட்டை நீளும், கண் செல்போனில் இருக்கும். "கார்டு மட்டுந்தான் உள்ள போவுது. ஆளு எங்க போறான்னே தெர்ல" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு அதிக நேரம் நிற்காது.

வீட்டிலும் பேச ஆளில்லை. ஆம்பூரில் இருக்கும் மகள் போனில், "இன்னும் அதே படமா அத்தா?" என்பதோடு சரி. மதீனாவின் ஊர் எல்லையில் சனம் திரண்டு வந்து நபிகளை வரவேற்கும் காட்சியில் அழுதுவிடுவார். முன்பு ரமீஜாவும் சேர்ந்து அழுவதுண்டு. ஒற்றை ஆளாக அழுவதுதான் கஷ்டமாக இருக்கிறது.

போன ஞாயிறு, கேட்டில் உடன் வேலை பார்க்கும் ஜோயலைத் தயங்கித் தயங்கிக் கூப்பிட்டார். வருவாரென்று நினைக்கவில்லை. பென்னலூரிலிருந்து பைக்கில் வந்த ஜோயல், நடுவில் கிடந்த தாராளமான இடத்தைப் பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அங்க வாணாம்பா. படத்துல நபிகள காட்டமாட்டாங்க. கேமரா நிக்கிற எடந்தான் அவங்க எடம். எல்லாரும் அவங்கள பாத்துதான் பேசுவாங்க. டிவிக்கு நேரா, அந்த எடத்துல குறுக்க நாம குந்தலாமா? எங்க வூட்ல அவ போட்ட சட்டம் இது."

"அய்யோ, தெரியாம குந்திட்டேன் பாய்."

பதறி எழுந்த ஜோயல் சுற்றிலும் பார்த்தார். மிச்சமிருந்தது ஒரே நாற்காலி. ரமீஜா இறந்த அன்று மௌத்துக்கு வந்துபோனவர், அது யாருடையதென்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"நான் கதவாண்ட நின்னுக்கினே பாக்கறேன்" என்றார்.

சுக்கூர் பாய் தோளிலிருந்து துண்டை எடுத்தார். வலப்பக்க நாற்காலியை இன்னொரு தடவை துடைத்தார். பிறகு, உட்காருபவருக்குக் கழுத்து பிடிக்காதபடி, அதை டிவி பக்கம் கொஞ்சம் திருப்பிப் போட்டார்.